இரவுப் படத்தில் வெள்ளை மூட்டம்: குறை லென்ஸில் இல்லை, அடாப்டரில்

சூப்பர் டகுமார் 55 மி.மீ. என்ற பழைய லென்ஸை எம்42 அடாப்டரில் (திருகு லென்ஸை வேறு கேமராவில் பொருத்தும் இணைப்பு வளையம்) மாட்டி, சோனி ஏ7 மார்க் 2 கேமராவில் இரவுத் தெருவை எடுத்தால் நடுவில் வெளிறிய மூட்டம், கறுப்பெல்லாம் சாம்பல். பகலில் இது கண்ணில் படவே இல்லை.

ஃபில்டரைக் கழற்றியும், ஹூட் (லென்ஸ் முன் ஒளிமறைப்பு) போட்டும், லென்ஸ் துவாரத்தை எஃப் 5.6-க்குச் சுருக்கியும் மூட்டம் போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் பூஞ்சையும் இல்லை. தெருவிளக்கு ஃபிரேமுக்குச் சற்று வெளியே நிற்கும்போதுதான் மூட்டம் அதிகம் என்பதைக் கவனித்த பிறகே வழி பிறந்தது.

அடாப்டரோடு லென்ஸைக் கழற்றி, முன்னாலிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் பின்பக்கம் வழியே பார்த்தேன். அடாப்டரின் உள்சுவர் வளையமாகப் பளபளத்தது. நேராகப் பார்த்தால் அதே சுவர் நல்ல கறுப்பு! லென்ஸ் பொருந்தும் மவுன்ட்டிலிருந்து சென்சார் வரை எம்42-க்கு 45.46 மி.மீ., சோனிக்கு 18 மி.மீ.; மிச்சம் 27.46 மி.மீ. முழுக்க அடாப்டரின் குழாய்தான். சாய்வாக வரும் தெருவிளக்கு ஒளி அந்தச் சுவரில் பட்டுத் தெறித்துத்தான் சென்சாரில் மூட்டமாகிறது.

பின்புறம் பசையுள்ள கறுப்பு வெல்வெட் தாளை உள்சுற்றளவுக்கு வெட்டி, இரு விளிம்பிலும் 2 மி.மீ. விட்டு ஒட்டியதும் மூட்டம் போய்விட்டது. ஒட்டும் முன் செலோடேப்பால் உதிரி இழைகளை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் சென்சாரில் போய் உட்காரும். லென்ஸின் ஃபோகஸை முடிவிலிக்கு (மிகத் தொலைவுக்கு) திருப்பி, பின்பகுதி தாளில் உரசுகிறதா என்றும் பாருங்கள். சாதாரண மேட் பெயின்ட் வேண்டாம், அதுவும் சாய்ந்த ஒளியில் மின்னும்.