ஓன் நுட்டில் குடியேறுவதும் காண்டோ வாங்குவதும்: பாங்காக்குக்குப் புதியவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

பாங்காக்கில் வேலை கிடைத்து வருகிறவர்கள் ஒரு பக்கம், சென்னையிலும் கோவையிலும் இருந்தபடியே "அங்கே ஒரு காண்டோ வாங்கிப் போடலாமா?" என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புக்கும் நான் முதலில் சொல்லும் பகுதி ஓன் நுட்தான். நடுத்தரச் சம்பளக்காரர் கட்டுப்படியாகும் வாடகையில், ரயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், சந்தையும் கடைகளும் சூழ வாழ முடிகிற இடம் அது. ஆனால் வாங்குவதற்கு முன் அங்கே ஓர் ஆண்டாவது வாடகைக்கு இருங்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காரணம் இருக்கிறது. நம் ஊரில் வீட்டு விலை ஏறுகிறது என்றால் அதில் பெரும்பங்கு மண்ணின் விலை. தாய்லாந்தில் வெளிநாட்டவர் தன் பெயரில் நிலம் வாங்குவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. காண்டோ என்று நாம் வாங்குவது அடுக்குமாடியில் ஒரு வீட்டை. அடுத்த சோயில் (கிளைத் தெருவில்) இன்னும் புதிய கோபுரம், இன்னும் பெரிய நீச்சல் குளத்தோடு எழும்பினால் வாடகைக்காரர் அங்கே போய்விடுவார். ஓன் நுட்டில் அப்படிக் கோபுரங்கள் எழும்பிக்கொண்டேதான் இருக்கின்றன. அதனால் "வாங்கிப் போட்டால் தானாக ஏறும்" என்ற கணக்கு இங்கே எடுபடாது. நல்ல கட்டடத்தைத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் பாதுகாப்பு. கட்டடம் நல்லதா என்பது அந்தப் பகுதியில் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும்.

படி 1: ஓன் நுட் எது என்று புரிந்துகொள்ளுங்கள்

பாங்காக்கின் மேம்பால ரயிலான பிடிஎஸ் 1999 டிசம்பர் 5 அன்று ஓடத் தொடங்கியபோது, சுகும்வித் தடத்தின் கடைசி நிலையம் ஓன் நுட். 2011-இல் பேரிங் வரை தடம் நீளும்வரை அதுதான் முனையம். முனையம் என்பதால் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த பேருந்துப் பயணிகள் எல்லோரும் இங்கே வந்துதான் ரயில் ஏறினார்கள். அந்தக் கூட்டத்தை நம்பி சந்தையும் தெருக்கடைகளும் பெருங்கடைகளும் வளர்ந்தன. இன்று ரயில் சமுத் பிராகான் மாகாணத்துக்குள் கேஹா வரை போகிறது. ஆனாலும் கடைத்தெரு இங்கேயே நிலைத்துவிட்டது. அலுவலகங்கள் நிறைந்த அசோக் இங்கிருந்து ஐந்தாவது நிறுத்தம், சியாம் ஒன்பதாவது.

இப்போது முகவரி விஷயம். சுகும்வித் சாலையில் ஒரு பக்கத்துச் சோய்களுக்கு ஒற்றைப்படை எண், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. இரண்டு வரிசையும் ஒரே வேகத்தில் போவதில்லை. சோய் 77-க்குக் கிட்டத்தட்ட எதிரே இருப்பது சோய் 50. இந்த 77-தான் ஓன் நுட் சாலை. அது சுவான் லுவாங், பிரவெத் மாவட்டங்கள்வரை பல கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே விளம்பரத்தில் "ஓன் நுட்" என்று போட்டிருந்தால் அது நிலையத்தின் வாசலாகவும் இருக்கலாம், மாலை நெரிசலில் முக்கால் மணி நேரம் உள்ளே போக வேண்டிய இடமாகவும் இருக்கலாம். வரைபடத்தில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தை அளந்துவிட்டு அப்புறம் பேசுங்கள். உள்ளே சீநகரின் சாலைச் சந்திப்பருகே 2023-இல் திறந்த மஞ்சள் தடத்துக்கு ஒரு நிலையம் உண்டு. அது தனிச் சந்தை, வாடகையும் வேறு.

பிரவெத் பக்கம் போனால் மாநகராட்சியின் பெரிய குப்பைக் கிடங்கு இருக்கிறது. அதைச் சுற்றி வாழ்பவர்கள் நாற்றத்தைப் பற்றி நீண்ட காலமாகப் புகார் சொல்லி வருகிறார்கள். நிலையத்தருகே அந்தத் தொல்லை இல்லை. விலை மலிவாக இருக்கிறதே என்று உள்ளே போகிறவர்கள் அதையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

படி 2: வாடகைக்குப் பிடியுங்கள்

வழக்கமான ஒப்பந்தம் ஓராண்டு. இரண்டு மாத வாடகை முன்பணம், முதல் மாத வாடகை, ஆக மூன்று மாதப் பணம் கையில் வேண்டும். ஏஜென்ட் கமிஷனை வீட்டுக்காரர்தான் கொடுப்பார். உங்களிடம் கேட்டால் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன் மூன்று விஷயம். முதலாவது, மின்கட்டணம். தனித்தனி உரிமையாளர்கள் உள்ள காண்டோவில் மின்வாரியத்தின் பில் நேராக வரும். ஒரே முதலாளியின் அபார்ட்மென்ட் கட்டடங்களில் யூனிட்டுக்கு அவர்களே ஒரு விலை வைத்து வசூலிப்பது உண்டு. ஏசி இல்லாமல் தூங்க முடியாத ஊரில் இது மாதாமாதம் வலிக்கும். இரண்டாவது, வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். டிஎம் 30 என்று பெயர். அந்த ரசீது இல்லாமல் பின்னால் விசா நீட்டிப்புக்குப் போனால் அலைய வேண்டிவரும். பதிவு செய்து தருவதாக வீட்டுக்காரரிடம் முதலிலேயே வாக்கு வாங்குங்கள். மூன்றாவது, சாவி வாங்கும் அன்றே சுவர், தரை, ஏசி, குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணத்தைத் திரும்ப வாங்கும் நாளில் அந்தப் படங்கள் பேசும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வெண்டை, கத்தரி, பாகல், தேங்காய்ப்பால், புளி எல்லாம் பக்கத்துச் சந்தையிலேயே உண்டு. உளுந்து, சாம்பார்ப் பொடிக்கு மட்டும் இந்தியக் கடைகள் நிறைந்த பாஹுரத் வரை போகலாம். சிலோம் சாலை மாரியம்மன் கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் எழுப்பியது. சியாமில் தடம் மாறி சுராசக்கில் இறங்கி நடந்தால் கோயில். நவராத்திரி நாட்களில் அந்தத் தெருவில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். அதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறையும்.

படி 3: அந்த ஓராண்டில் கவனிக்க வேண்டியவை

இதற்குத்தான் வாடகைக்கு இருக்கச் சொல்கிறேன். அவசரப்படாமல் பாருங்கள்.

செப்டம்பர், அக்டோபர் மழையில் எந்தச் சோயில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது என்று நடந்து பாருங்கள். பாங்காக் கடல்மட்டத்தை ஒட்டிய களிமண் சமவெளி. மழைநீர் கால்வாய்களுக்குப் போய், பம்புகளால் வெளியேற வேண்டும். பிரா கனோங் கால்வாய் இந்தப் பகுதியை ஒட்டியே ஓடுகிறது. ஒரே பெயருள்ள சாலையில் ஒரு சோய் காய்ந்திருக்கும், அடுத்தது குளமாக இருக்கும். கோடையில் வீடு பார்க்க வருகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நுண்துகள் மாசு அதிகம். குழந்தைகளோ ஆஸ்துமாக்காரரோ வீட்டில் இருந்தால் அந்த மாதங்களை அனுபவித்துவிட்டு முடிவெடுங்கள்.

பிறகு கட்டடம். 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவிலான நிலநடுக்கம் வந்தபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த பாங்காக்கின் உயரமான கட்டடங்கள் ஊஞ்சலாக ஆடின. சதுசாக்கில் அரசுத் தணிக்கைத் துறைக்காகக் கட்டிக்கொண்டிருந்த கோபுரம் இடிந்து விழுந்து பலர் இறந்தார்கள். தொலைவிலிருந்து வரும் மெதுவான அதிர்வை இந்த நகரத்தின் மென்களிமண் பெரிதாக்கிவிடுகிறது. அதனால் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் நிர்வாக அலுவலகத்தில் (எல்லோரும் 'ஜூரிஸ்டிக்' என்றுதான் சொல்வார்கள்) இவற்றைக் கேளுங்கள்: நிலநடுக்கத்துக்குப் பின் பொறியாளர் ஆய்வு நடந்ததா, அறிக்கை எங்கே, காப்பீட்டுப் பணம் வந்ததா, விரிசல்கள் பூசி மறைக்கப்பட்டனவா, சரிசெய்யப்பட்டனவா? அறிக்கையைக் காட்டத் தயங்கும் அலுவலகம் உள்ள கட்டடத்தை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கூடவே பராமரிப்பு நிதியில் எவ்வளவு மிச்சம், எத்தனை வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். லிஃப்ட் மாற்ற வேண்டிய ஆண்டில் நிதி காலி என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். இரவு பத்து மணிக்குக் கீழே நின்று எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பாதி இருட்டு என்றால் வாங்கினவர்களுக்கு வாடகைக்காரர் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

படி 4: பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. 30 சதுர மீட்டர் வீடு, விலை 30 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்), மாத வாடகை 14,000 பாட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்றால் வரவு 1,54,000. சதுர மீட்டருக்கு மாதம் 50 பாட் பராமரிப்புக் கட்டணம் என்றால் ஆண்டுக்கு 18,000. ஏஜென்டுக்கு ஒரு மாத வாடகை 14,000. ஏசி சர்வீஸ், பழுது வேலை 12,000. மிஞ்சுவது 1,10,000 பாட். அதாவது போட்ட பணத்தில் 3.7 சதவீதத்துக்கும் கீழே, அதுவும் வரிக்கு முன்.

நம் ஊர் வங்கி வைப்பு வட்டியே இதைவிடக் கூடுதல். ஆகவே வெறும் வருமானத்துக்காக வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. பல ஆண்டுகள் இங்கே இருக்கப்போகிறவர், வாடகை கொடுப்பதற்குப் பதில் சொந்த வீட்டில் இருக்க நினைப்பவர், இவர்களுக்கு இது பொருந்தும். நாள் வாடகைக்கு விட்டு நிறையச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடுதி உரிமம் இல்லாமல் 30 நாளுக்கும் குறைவாக வாடகைக்கு விடுவது 2004-ஆம் ஆண்டின் விடுதிச் சட்டத்துக்குப் புறம்பானது.

வாங்குவதென்றால் என் விருப்பம், கட்டிப் பத்து ஆண்டுகளைத் தொட்ட, நன்றாகப் பராமரிக்கப்படும் கட்டடத்தில் மறுவிற்பனை வீடு. பார்க்க வேண்டிய குறைகள் எல்லாம் அதற்குள் வெளியே தெரிந்திருக்கும். படத்தைக் காட்டி முன்பதிவு வாங்கும் புதுத் திட்டங்களில் அந்த வசதி இல்லை.

படி 5: சட்டம் அனுமதிக்கிறதா?

தாய்லாந்தின் 1979-ஆம் ஆண்டுக் காண்டோமினியம் சட்டப்படி, ஒரு கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம்வரை வெளிநாட்டவர் முழு உரிமையோடு வாங்கலாம். இதை 'ஃபாரின் கோட்டா' என்பார்கள். நீங்கள் பார்க்கும் வீடு அதற்குள் வருகிறதா என்று ஜூரிஸ்டிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். கோட்டா முடிந்துவிட்டது, 30 ஆண்டுக் குத்தகையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அது உரிமை இல்லை, விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். தாய்லாந்துக்காரர் பெயரிலோ பெயருக்கு ஒரு கம்பெனி தொடங்கியோ வாங்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது சட்டவிரோதம்.

வீடு வாங்கினால் விசா கிடைக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. 30 லட்சம் பாட்டுக்கு ஒரு காண்டோ வாங்குவதால் தங்கும் உரிமை எதுவும் வருவதில்லை.

படி 6: பணத்தை அனுப்பும் முறை

தாய்லாந்து வங்கிகள் வெளிநாட்டவருக்குக் காண்டோ கடன் தருவது அரிது. கைப்பணம்தான். அது வெளிநாட்டுப் பணமாகவே தாய்லாந்துக்குள் வந்து, இங்குள்ள வங்கியில் பாட்டாக மாற வேண்டும். அனுப்பும் நாட்டிலேயே பாட்டாக மாற்றி அனுப்பினால் பதிவு நின்றுபோகும். அனுப்பும்போது காண்டோ வாங்குவதற்கு என்று நோக்கத்தையும், வாங்குபவரின் பெயரையும் குறிப்பிடச் சொல்லுங்கள். பணம் வந்ததற்கான சான்றிதழை இங்குள்ள வங்கி தரும். பின்னாளில் விற்றுப் பணத்தை வெளியே எடுக்கும்போதும் அது தேவைப்படும். பத்திரத்தைப் போலவே பத்திரமாக வையுங்கள்.

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் முன்வரி பிடிக்கும். அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். வெளிநாட்டுச் சொத்தை ஆண்டுதோறும் வரிக் கணக்கில் காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

படி 7: நில அலுவலகத்தில் பதிவு

உரிமை மாற்றம் அரசின் நில அலுவலகத்தில் ஒரே நாளில் நடக்கும். இந்தப் பக்கத்துக்கு பிரா கனோங் கிளை இருக்கிறது. கடவுச்சீட்டு, வங்கிச் சான்றிதழ், கோட்டாக் கடிதம், பராமரிப்புக் கட்டணப் பாக்கி இல்லை என்ற ஜூரிஸ்டிக் கடிதம், பேங்கர்ஸ் செக் ஆகியவை வேண்டும். உரிமைப் பத்திரத்தின் பின்பக்கத்தில் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பதை முன்கூட்டியே வக்கீலை வைத்துப் பார்த்துவிடுங்கள். எல்லாம் தாய்லாந்து மொழியில் இருக்கும் என்பதால் வக்கீல் செலவைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

பதிவுக் கட்டணம் அரசு மதிப்பீட்டில் 2 சதவீதம். வழக்கமாக இரு தரப்பும் பாதிப் பாதி. விற்பவர் ஐந்து ஆண்டுக்குள் விற்றால் 3.3 சதவீதத் தொழில் வரி, அதற்குப் பிறகென்றால் பெரும்பாலும் 0.5 சதவீத முத்திரைத் தீர்வை. இவற்றோடு பிடித்தம் செய்யும் வருமான வரியும் உண்டு. எதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் கவுன்டரில் நின்று சண்டை போட வேண்டிவரும். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் இதே 3.3 சதவீதம் காத்திருக்கிறது, ஆகவே ஐந்து ஆண்டு வைத்திருக்க முடியாதவர் வாங்க வேண்டாம்.

படி 8: சாவி கைக்கு வந்தபின்

மின் மீட்டரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வாடகைக்கு விட்டால் தாய்லாந்திலும் வருமானக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் தாய்லாந்தில் கட்டியதை இந்தியாவில் கழித்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கொரு முறை உரிமையாளர் கூட்டம் நடக்கும். வெளிநாட்டவர் பலர் போவதில்லை. போங்கள். பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றுவது, லிஃப்ட்டை எப்போது மாற்றுவது, நிர்வாக நிறுவனத்தை வைத்திருப்பதா அனுப்புவதா என்பதெல்லாம் அங்கேதான் ஓட்டுக்கு வருகிறது. நேரில் போக முடியாத ஆண்டில், கட்டடத்திலேயே வசிக்கும் இன்னோர் உரிமையாளருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து உங்கள் ஓட்டைப் போடச் சொல்லுங்கள்.