மொட்டை மாடியில் ஒயின் சுவைத்தல்: சென்னைக் கோடை மாலைக்கு ஒரு வழிகாட்டி

சென்னைக் கோடையில் நண்பர்களுடன் திறந்தவெளியில் அமர்ந்து சில ஒயின்களைச் சுவைத்துப் பார்க்க விரும்புவோர், எந்த பாட்டிலை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் எங்கே உட்காருவது, குளிர்ச்சியை எப்படிக் காப்பது என்ற இரண்டையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். கடற்கரையும் பூங்காவும் இதற்கு ஆகா. தமிழ்நாட்டில் பொது இடத்தில் மது அருந்துவது குற்றம், 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கவும் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் யாருடைய தோட்ட வீடாவது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மொட்டை மாடியே போதும். கத்திரி வெயில் நாட்களில் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையில் கக்கும் என்பதால், நான்கரை மணிக்கே சில வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஐந்தரை மணியளவில் கடற்காற்று தவழும்போது பாயை விரிக்கலாம். நிறத்தைப் பார்க்கப் போதுமான வெளிச்சம் அப்போதும் இருக்கும்.

ஆறு பேருக்கு நான்கு பாட்டில்கள் தாராளம். 750 மில்லி பாட்டிலை ஆளுக்கு 50 மில்லியாக ஊற்றினால் 15 முறை வரும். அதற்கு மேல் ஊற்றினால் அது சுவைத்தல் அல்ல, குடித்தல். டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் என்ன இருக்கிறது என்பது அன்றன்றைய நிலவரம் என்பதால் பெயர்ப் பட்டியலோடு போகாமல் வகைகளை மனத்தில் வைத்துக்கொண்டு போவது நலம்: நுரைக்கும் ஒயின் ஒன்று, செனின் பிளாங்க் அல்லது சோவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் ஒன்று, இளஞ்சிவப்பு ரோஸே ஒன்று, ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ஒன்று. நாசிக் வட்டாரத்து ஒயின்களும் பெங்களூரை அடுத்த நந்தி மலை ஒயின்களும் இத்தகைய மாலைக்குப் பொருத்தமானவை. விலை உயர்ந்த பழைய சிவப்பு ஒயினை இந்த வெயிலில் திறப்பது வீண். திருகு மூடி பாட்டிலாக இருந்தால் கார்க் திறப்பானைத் தேடும் வேலையும் மிச்சம். கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் கிடந்த ஒயின் வெந்த பழச்சாறு போல ஆகிவிடும்.

இனிக் குளிர்ச்சி. நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8 டிகிரி செல்சியஸ், வெள்ளைக்கும் ரோஸேவுக்கும் 8 முதல் 12, ஷிராஸுக்கு 16 என்பது ஏற்ற அளவு. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற அறிவுரை குளிர்நாட்டு அறைகளுக்குச் சொன்னது. நம் அறை மே மாதத்தில் 32 டிகிரிக்குக் குறையாது, அந்தச் சூட்டில் ஆல்கஹாலின் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். எனவே ஷிராஸையும் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்விக்க வேண்டும். மாடியில் ஒரு தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளுடன் தண்ணீரும் ஒரு பிடி கல் உப்பும் சேர்த்து பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தினால் இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸில் கட்டிகளுக்கு இடையே காற்று நிற்பதால் இவ்வளவு வேகம் வராது. மீன் வந்த பெட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை போகாது.

வாடை என்றதும் கொசுவத்தியைச் சொல்லியாக வேண்டும். அதன் புகை இருக்கும் இடத்தில் எந்த ஒயினும் கொசுவத்தி மணக்கும். மேசை மின்விசிறியை வைத்தால் கொசுவும் அண்டாது, காற்றும் வரும். தலையில் மல்லிகைச் சரம், சட்டையில் சென்ட் இரண்டையும் அன்றைக்கு ஒத்திவைக்கச் சொல்லலாம்.

சுவைக்கும்போது நுரைக்கும் ஒயினில் தொடங்கி வெள்ளை, ரோஸே, சிவப்பு என்று போக வேண்டும், ஏனெனில் சிவப்பின் துவர்ப்பு நாக்கில் ஏறிவிட்டால் மென்மையானவை சப்பென்றிருக்கும். வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் சிறிதே ஊற்றி, தண்டைப் பிடித்துச் சுழற்றி, முதலில் முகர்ந்துவிட்டு ஒரு வாய் எடுத்து நாக்கு முழுவதும் பரவவிட வேண்டும். என்ன வாசனை என்று சொல்லத் தயங்கும் நண்பர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பொருள்களைத் தட்டில் வைக்கலாம்: நறுக்கிய கொய்யா, குடைமிளகாய், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, இடித்த மிளகு. இதில் மிளகுதான் வேடிக்கை. ரோட்டண்டோன் என்ற ஒரே வேதிப்பொருள் மிளகிலும் ஷிராஸிலும் இருப்பதால், உள்ளங்கையில் நான்கு மிளகைத் தேய்த்து முகர்ந்துவிட்டுக் கோப்பைக்குள் மூக்கை நுழைத்தால் பல ஷிராஸ்களில் அதே காரம் எதிர்கொள்ளும். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றிவிட்டால் பெயரைப் பார்த்துப் பாராட்டுவதும் நின்றுவிடும்.

நொறுக்குத்தீனியாக வேர்க்கடலைச் சுண்டல், உப்பு முந்திரி, நெத்திலி வறுவல் எல்லாம் நன்றாகச் சேரும். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் வேண்டாம். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைத் தூண்டும், மாங்காயின் புளிப்பு ஒயினின் புளிப்பை மழுக்கும். காரம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்குச் சற்று இனிப்பான செனின் பிளாங்க் கைகொடுக்கும். ஆளுக்கொரு தண்ணீர்ச் சொம்பும், பிடிக்காததைக் கொட்ட ஒரு பாத்திரமும் அவசியம்.

100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம், ஆகவே வந்தவர்கள் ஆட்டோவிலோ டாக்ஸியிலோதான் திரும்ப வேண்டும். மீந்த பாட்டில்களை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்; நுரைக்கும் ஒயினில் மறுநாளே நுரை இறங்கிவிடும்.