ஜான்டிங் காரில் ஏறுமுன்

பெயரில் கார் இருந்தாலும் ஜான்டிங் கார் என்பது ஒற்றைக் குதிரை இழுக்கும் இரண்டு சக்கர வண்டி. அயர்லாந்தின் கில்லார்னியில் இன்றும் ஓடுகிறது. ஓட்டுபவரை ஜார்வி என்பார்கள்.

பலர் முன்னால் பார்த்தபடி போகலாம் என்று நினைத்து ஏறுகிறார்கள். பழைய அமைப்பில் அப்படி இல்லை. முதுகுக்கு முதுகு காட்டி, சாலையின் இரு ஓரங்களைப் பார்த்து உட்கார வேண்டும். இருக்கை சக்கரத்துக்கு மேலே, கால் வைக்கும் பலகை சக்கரத்துக்கு வெளியே. ஏரி இடப்பக்கம் இருக்க நீங்கள் வலப்பக்கம் ஏறிவிட்டால் வழி முழுக்கப் புதர்தான். எந்தப் பக்கம் நல்லது என்று ஜார்வியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எதிரெதிரே உட்காரும் வகையும் உண்டு. அதில் சக்கரம் வெளியே, ஆட்கள் உள்ளே. அதனால் அது ‘உள் கார்’, முந்தையது ‘வெளிக் கார்’. இந்தப் பெயர்களில் குழம்பாதவர் குறைவு.

இரண்டு சக்கர வண்டிக்குப் பாரம் சரியாக இருப்பதுதான் உயிர். முன்பாரம் கூடினால் ஏர்க்கால், அதாவது குதிரையைப் பூட்டும் நீளத் தண்டு, அதன் முதுகை அழுத்தும். பின்பாரம் கூடினால் வயிற்றுப் பட்டை மேலே இழுக்கும். குடும்பமாக ஒரே பக்கம் தொற்றி ஏறுவதும், போட்டோவுக்காக ஓடும் வண்டியில் எழுந்து நிற்பதும் அதனால்தான் தவறு. ஜார்வி இடம் மாறி உட்காரச் சொன்னாலோ, ஏற்றத்தில் இறங்கி நடக்கச் சொன்னாலோ கோபப்படாதீர்கள். காசு கொடுத்தது நாம், பாரம் இழுப்பது குதிரை.

மழை தூறினால் குடையைப் படக்கென்று விரிக்காதீர்கள், குதிரை மிரளும். மழைக்கோட்டு போதும்.

இது வெறும் சுற்றுலா வேடிக்கை என்று ஒதுக்குவதும் தவறு. கில்லார்னி தேசியப் பூங்காவில், மக்ராஸ் தோட்டத்தின் உள்பாதைகளில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. அங்கே நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை வண்டி பெரிய உதவி. கில்லார்னிக்குப் பக்கத்திலுள்ள டன்லோ கணவாய் வழியாகப் போய் ஏரிகளில் படகேறித் திரும்பும் திட்டம் என்றால் காலையிலேயே கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் போய்ப் படகைத் தேடினால் சிரமம்.

அப்புறம், இந்த வண்டியைக் கண்டுபிடித்தவர் இத்தாலியில் பிறந்த சார்லஸ் பியான்கோனி என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். ஏற்கெனவே இருந்த ஜான்டிங் காரை வைத்து 1815 ஜூலையில் அயர்லாந்தின் குளோன்மெல்லிலிருந்து கேர் ஊருக்குப் பயணிகள் வண்டி விட்டவர் அவர். அவருடைய நாலு சக்கர நீள வண்டிகள் பிறகு வந்தவை.

கூலி வண்டிக்கா, ஆளுக்கா? போக மட்டுமா, திரும்பவும் சேர்த்தா? இதை ஏறுமுன் பேசி முடியுங்கள். இறங்கிய பிறகு பேரம் எடுபடாது.