பாட்டி வடை சுட்ட கதையில் ஐந்து ஆங்கிலச் சொற்கள்

எலிஃபண்ட், அம்ப்ரெல்லா எல்லாம் பட்டென்று படிக்கிற பிள்ளை, செட் (said) என்கிற சின்னச் சொல்லில் வந்து நின்றுவிடும். யானைக்குப் படம் இருக்கிறது, செட்டுக்கு என்ன படம் போடுவது? அதோடு, எழுதியிருப்பதை அப்படியே ஒலித்துத் தமிழ் படித்துப் பழகிய பிள்ளை எஸ், ஏ, ஐ, டி என்று கூட்டிப் பார்த்து சைட் என்றுதான் சொல்லும். அது பிள்ளையின் தப்பே இல்லை.

இப்படி அடிக்கடி வரும் 220 சொற்களை எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936-இல் பட்டியல் போட்டார், அதில் பெயர்ச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. பட்டியலைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். நானும் முதலில் பத்து தடவை எழுதிவரச் சொன்னவன்தான். நோட்டில் அழகாக எழுதிய பிள்ளைகள் அதே சொல்லைக் கதையில் பார்த்ததும் விழித்தார்கள். அப்புறம்தான் கதையிலிருந்தே தொடங்கினேன்.

முதல் வேலை, ஐந்தே சொற்களை எடுப்பது. தி (the), வாஸ் (was), செட் (said), கேம் (came), டு (to). இந்த வாரம் ஸா (saw) வேண்டவே வேண்டாம், ஏனென்றால் வாஸ் என்பதன் மூன்று எழுத்துகளையும் திருப்பிப் போட்டால் அதுதான் ஸா, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மாதக்கணக்கில் குழப்பம் தீராது. கேட் (cat), ரன் (run) மாதிரி ஒலித்தே படிக்கக்கூடிய சொற்களும் இந்தப் பட்டியலில் வேண்டாம், அவற்றை எழுத்து ஒலியை வைத்தே படிக்கட்டும்.

அடுத்து, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கதையாகப் பாருங்கள். பாட்டி வடை சுட்ட கதையைத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு, சார்ட்டில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் இந்த ஆறு வரிகளை எழுதுங்கள்:

பாட்டி வாஸ் அண்டர் தி ட்ரீ.
தி க்ரோ கேம் டு தி ட்ரீ.
தி ஃபாக்ஸ் கேம் டு தி ட்ரீ.
"சிங்!" செட் தி ஃபாக்ஸ்.
"கா!" செட் தி க்ரோ.
தி வடை வாஸ் ஆன் தி கிரௌண்ட்.

எண்ணிப் பாருங்கள், தி ஒன்பது முறை, மற்ற நான்கும் இரண்டிரண்டு முறை. கதை தெரிந்ததால் பிள்ளையின் கவனம் முழுக்கச் சொல்லின் உருவத்தில் இருக்கும்.

இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை நகர்த்திக்கொண்டே நீங்கள் இரண்டு முறை வாசியுங்கள், நரிக்கும் காக்கைக்கும் குரலை மாற்றி. கேள்வி எதுவும் வேண்டாம். மூன்றாம் முறை வாசிக்கும்போது செட் வருகிற இடத்தில் விரலை வைத்து நிறுத்துங்கள், வகுப்பே சேர்ந்து கத்தும். "தி என்றால் தமிழில் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள், தமிழில் அதற்கு நேரான சொல் கிடையாது, வாக்கியத்தோடு கேட்டுக் கேட்டுத்தான் அது பழகும்.

அப்புறம் ஆளுக்கொரு தாளில் அதே ஆறு வரிகளைக் கொடுத்து, செட் எங்கெங்கே இருக்கிறது, வட்டம் போடு என்று சொல்லுங்கள். செட்டில் எஸ், டி இரண்டும் வழக்கமான ஒலிதான், நடுவில் வருகிற ஏ, ஐ மட்டும் ஏமாற்றும். அந்த இரண்டுக்கும் சிவப்பு ஸ்கெட்ச்சில் கோடு போட வையுங்கள். முழுச் சொல்லையும் கண்ணை மூடி மனப்பாடம் செய்வதைவிட இது நன்றாகவே நிற்கிறது.

இவ்வளவுக்கும் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், நான்கு நாள் செய்யுங்கள். ஐந்தாம் நாள் சொல் அட்டையைக் காட்டிச் சோதிக்காமல், இதே ஐந்து சொற்கள் வருகிற புதுக் கதை ஒன்றைக் கையில் கொடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாக இலவசக் கதைகள் கிடைக்கின்றன, பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு, முதல் நிலையில் தேடுங்கள். அங்கே செட்டைப் பார்த்ததும் பிள்ளை தயங்காமல் படித்தால் அடுத்த ஐந்துக்குப் போகலாம். தயங்கினால், சரி, இன்னொரு கதை.