பிள்ளை வாசிக்கத் தடுமாறினா 'புது மொழிதானே'ன்னு விட்டுடாதீங்க

வெளிநாட்டுக்கு வந்து இறங்கின முதல் வருசம் வீடு, பேங்க், விசா, ஸ்கூல் அட்மிஷன்னு ஓடிட்டே இருப்போம், அதுல பிள்ளை புக்கை எடுத்தா முழிக்கிறான்றது கண்ணுக்கே படாது. பட்டாலும் டீச்சர் "இப்பதானே வந்திருக்கான், இங்கிலீஷ் தன்னால வந்துடும்"னு சிரிச்சிட்டே சொல்லுவாங்க, நாமளும் அப்பாடான்னு வந்துடுவோம். நிறைய பிள்ளைங்களுக்கு அது நிஜமாவே வந்துடும், அதை மறுக்கல. ஆனா வராத பிள்ளைங்களும் இருக்காங்க, என் பையன் அதுல ஒருத்தன், அவனுக்கு இருந்தது டிஸ்லெக்சியான்னு தெரியறதுக்குள்ள ரெண்டு வருசம் போயிடுச்சு. அந்த ரெண்டு வருசமும் ஸ்கூல் மொழியை காரணம் சொல்லிச்சு, நான் சோம்பேறித்தனத்தை காரணம் சொன்னேன். இப்ப வர்றவங்களாவது சீக்கிரம் பிடிச்சுக்கணும்னுதான் இதை எழுதறேன்.

டிஸ்லெக்சியான்னா எழுத்து கண்ணு முன்னாடி டான்ஸ் ஆடும், தலைகீழா தெரியும்னு நம்மள்ல பாதி பேர் நினைக்கிறோம். அது கண்ணு சம்பந்தப்பட்டதே இல்ல. வார்த்தைக்குள்ள இருக்கற சின்ன சின்ன சத்தங்களை பிரிச்சு, எழுத்தோட சேர்த்து, டக்குனு திரும்ப எடுக்கறதுல மூளைக்கு வர்ற சிரமம்தான் அது. புத்திசாலித்தனத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. 1887ல இந்த பேரை வெச்சவர் ருடோல்ஃப் பெர்லின்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர், அதனாலயே ஆரம்பத்துல எல்லாரும் கண்ணையே நோண்டிட்டு இருந்திருப்பாங்க போல. 1896ல பிரிங்கிள் மார்கன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் 14 வயசு பையன் ஒருத்தனைப் பத்தி எழுதினார், பாடம் முழுக்க வாய்மொழியா நடத்தினா ஸ்கூல்லயே இவன்தான் கெட்டிக்காரன்னு அவனோட வாத்தியாரே சொன்னதா அதுல வருது. படிச்சதும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா "வாயால கேட்டா எல்லாத்தையும் சொல்றான், புக்கை கொடுத்தா மட்டும் ஓடறான்"னு நான் வருசக்கணக்கா புலம்பினதும் இதேதான்.

அடுத்து வர்ற கேள்வி, "தமிழ் ஓரளவு படிச்சானே, அப்புறம் எப்படி?" தமிழ்ல 247 எழுத்துன்னு பயமுறுத்தினாலும் அதுல ஒரு ஒழுங்கு இருக்கு, 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டா மத்ததை கட்டிக்கலாம், எழுத்தைப் பாத்தா சத்தம் பெரும்பாலும் தெரிஞ்சிடும். இங்கிலீஷ்ல 26 எழுத்து, சத்தம் சுமார் 44, அதுவும் ஒரே எழுத்துக்கூட்டம் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி, ஓ-யூ-ஜி-எச் முடிவுல வர்ற தோ, த்ரூ, டஃப், காஃப் நாலையும் பாருங்க, எதுக்கும் எதுக்கும் சம்பந்தம் இருக்கா? அதனால தமிழ்ல மெதுவா சமாளிச்ச பிள்ளை இங்கிலீஷ்ல வந்து அப்படியே உக்காந்துடும். தமிழ்லயும் உத்துப் பாத்தா தடயம் இருக்கும், கூட படிக்கிற பிள்ளைங்க சரளமா போன பிறகும் இவன் எழுத்தெழுத்தா தடவிட்டு இருப்பான், கொம்பும் காலும் இடம் மாறும், போன வரில படிச்ச வார்த்தையே அடுத்த வரில புதுசா தெரியும். ற-ர, ல-ள குழப்பத்தை மட்டும் கணக்குல எடுக்காதீங்க, அந்தக் கணக்கு பாத்தா நம்ம வாட்ஸாப் குரூப்ல பாதி பேருக்கு டிஸ்லெக்சியான்னு சொல்லணும்.

இதுக்கு நேரெதிரான தப்பும் நடக்கும். தமிழ்ல ப-ன்னு ஒரே எழுத்துதான், அது பல்லுலயும் வரும், கம்பத்துலயும் வரும், சத்தம் வேற வேற. அந்தப் பழக்கத்துல இருக்கற பிள்ளை இங்கிலீஷ்ல P எழுத வேண்டிய இடத்துல B-யைப் போட்டா அது டிஸ்லெக்சியா ஆகாது, அது தாய்மொழியோட தடம். தமிழ் தெரியாத டீச்சருக்கு இது தெரிய வாய்ப்பே இல்ல, நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும். சின்ன b, d எழுத்துல வயிறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு மாத்தி எழுதறதும் 7 வயசு வரைக்கும் நிறைய பிள்ளைங்க பண்றதுதான், அதை மட்டும் வெச்சு பயந்துடாதீங்க.

அப்ப மொழி பிரச்சனையா டிஸ்லெக்சியாவான்னு எப்படி பிரிக்கறது? 1986ல காஃப், டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரு கணக்கு சொன்னாங்க, வாசிச்சு புரியறதுன்னா எழுத்தை சத்தமா மாத்தற திறமையையும் பேச்சை புரிஞ்சுக்கற திறமையையும் பெருக்கி வர்றது. கூட்டறது இல்ல, பெருக்கறது, ரெண்டுல ஒண்ணு பூஜ்யமானா மொத்தமும் பூஜ்யம். புதுசா வந்த நம்ம பிள்ளைக்கு ரெண்டாவது குறையும், இங்கிலீஷ் வார்த்தையே தெரியாதுல்ல, ஆனா எழுத்தை சத்தமாக்கறதை சொல்லிக் கொடுத்தா பிடிச்சுக்கும், அர்த்தம் தெரியாமலேயே கடகடன்னு வாசிச்சுட்டுப் போகும். டிஸ்லெக்சியா இருக்கற பிள்ளைக்கு உல்டா, நீங்க வாசிச்சுக் காட்டினா கதை முழுக்க புரியும், தானா வாசிக்கச் சொன்னா வார்த்தையே நகராது. வீட்லயே பாக்கலாம், ஒரு சின்ன கதையை தமிழ்ல நீங்க படிச்சுக் காட்டி கேள்வி கேளுங்க, இன்னொண்ணை அவனையே வாசிக்கச் சொல்லி கேளுங்க. நடுவுல பெரிய பள்ளம் இருந்தா, அதுவும் தமிழ் ஒழுங்கா சொல்லிக் கொடுத்த பிறகும் இருந்தா, குறிச்சு வைங்க.

தமிழ் எழுத்தே கத்துக்காத பிள்ளைன்னா சத்தத்தை வெச்சு விளையாடிப் பாருங்க. "மரம், இதுல முதல் சத்தத்தை எடுத்துட்டா என்ன வரும்?" அரம்னு வரணும். தமிழ் எழுத்து படிச்ச பிள்ளை கிட்ட இதையே கேட்டா "ரம்"னு சொல்லும், அது தப்பே இல்ல, நமக்கு ம-ங்கறது ஒரே எழுத்து, அதுக்குள்ள ம் + அ ஒளிஞ்சிருக்குன்னு ஒரு தடவை காட்டிக் கொடுத்துட்டு அடுத்ததை கேளுங்க. காட்டிக் கொடுத்ததும் பிடிச்சுக்கிட்டா நல்லது. பத்து தடவை காட்டியும் கைக்கு சிக்காம நழுவுதுன்னா அதுதான் கவனிக்க வேண்டிய இடம். இது வெறும் க்ளூதான், முடிவு பண்றது நம்ம வேலை இல்ல.

இப்ப ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு பாப்போம், ஏன்னா முதல் மாசம் எனக்கு தலையும் புரியல வாலும் புரியல. ஏ ஃபார் ஆப்பிள் எல்லாம் இங்க வேலைக்கு ஆகாது. ஃபோனிக்ஸ்னு சொல்லுவாங்க, எழுத்தோட பேரை விட்டுட்டு அதோட சத்தத்தை சொல்லி, சத்தங்களை ஒட்ட வெச்சு வார்த்தை ஆக்கறது. நமக்கு ஒரு வசதி இருக்கு, புள்ளி வெச்ச எழுத்துன்னா என்னன்னு நமக்கு பிறந்ததுலேர்ந்து தெரியும். எம்-ங்கற எழுத்தை "ம"ன்னு சொல்லாம "ம்ம்ம்"னு சொல்லணும், எஸ்ஸை "ஸ"ன்னு சொல்லாம "ஸ்ஸ்ஸ்"னு சொல்லணும், அதாவது மெய்யா சொல்லணும், உயிர்மெய்யா சொன்னா ஒட்டும்போது வார்த்தை வராது. வீட்ல சொல்லிக் கொடுக்கறப்ப இந்த ஒண்ணை சரி பண்ணினாலே பாதி குழப்பம் போயிடும்.

அப்புறம் அந்த அர்த்தமில்லாத வார்த்தைங்க. ஒரு நாள் பையன் "ப்ளிம்"ங்கற மாதிரி ஏதோ லிஸ்ட் கொண்டு வந்தான், பக்கத்துல ஒரு பூதம் படம் வேற, நான் டிக்‌ஷனரில தேடினேன், சிரிக்காதீங்க. வேணும்னே அப்படி குடுக்கறாங்க, நிஜ வார்த்தைன்னா பிள்ளை மனப்பாடத்துல சொல்லிடும், இல்லாத வார்த்தைன்னா எழுத்தை சத்தமாக்கத் தெரிஞ்சாதான் வாசிக்க முடியும். இங்கிலாந்துல 2012லேர்ந்து ஒண்ணாம் வருசப் பிள்ளைங்க எல்லாருக்கும் ஜூன் மாசம் இந்த ஃபோனிக்ஸ் செக் உண்டு, 40 வார்த்தை, அதுல பாதி இப்படி பூத வார்த்தை, தேறலைன்னா அடுத்த வருசம் திரும்ப எடுக்கணும். தெற்கு ஆஸ்திரேலியால 2018லேர்ந்து இதே மாதிரி கொண்டு வந்தாங்க. கனடால ஒன்ட்டாரியோ மனித உரிமை ஆணையம் 2022ல ஒரு பெரிய அறிக்கை விட்டுச்சு, படத்தைப் பாத்து வார்த்தையை யூகிக்கச் சொல்ற பழைய முறை டிஸ்லெக்சியா பிள்ளைங்களை கைவிட்டுடுச்சு, சத்தத்தை முறையா சொல்லிக் குடுங்க, சின்ன வயசுலயே செக் பண்ணுங்கன்னு. உங்க ஸ்கூல்ல இன்னும் "படத்தைப் பாரு, யூகி"ன்னு சொல்லிட்டு இருந்தாங்கன்னா ஃபோனிக்ஸ் எவ்வளவு நேரம் நடக்குதுன்னு மரியாதையா கேளுங்க. கலர் கலரா லெவல் போட்ட புக்குல பையன் மேல ஏறிட்டே போறான்னு நான் சந்தோஷப்பட்டேன், கடைசில பாத்தா படத்தை வெச்சு கதை விட்டிருக்கான்.

இந்த செக் எல்லாம் ஸ்க்ரீனிங்தான், சல்லடை மாதிரி, யார் தடுமாறறாங்கன்னு மட்டும் காட்டும், ஏன்னு சொல்லாது. ஏன்னு சொல்றது முழு அசெஸ்மெண்ட். அதை டீச்சர் தானா செய்ய மாட்டாங்க, நீங்க கேக்கணும், எழுத்துல கேக்கணும், தேதி போட்டு ஈமெயில்ல கேக்கணும். ஸ்கூல் வாசல்ல நின்னு பேசினது எதுவும் கணக்குல வராது, எனக்கு அப்படித்தான் ஒரு முழு டெர்ம் போச்சு. இங்கிலாந்துல செண்ட்கோன்னு, கூடுதல் உதவி தேவைப்படற பிள்ளைங்களை பாத்துக்கற ஒரு டீச்சர் ஒவ்வொரு ஸ்கூல்லயும் இருப்பாங்க, அவங்களைப் பிடிங்க. அமெரிக்கான்னா ஐஇபி (சிறப்புக் கல்விக்கு அந்தப் பிள்ளைக்குன்னே போடற திட்டம்), 504 ப்ளான் (வகுப்புலயே கூடுதல் நேரம் மாதிரி வசதி செஞ்சு தர்றது)னு ரெண்டு வழி சொல்லுவாங்க. "மொழி வரட்டும், அப்புறம் பாக்கலாம்"னு பதில் வரும், அதுக்கு ஒரு பின்கதை இருக்கு. வீட்ல வேற மொழி பேசறதாலயே ஒரு பிள்ளைக்கு கற்றல் குறைபாடுன்னு முத்திரை குத்தக்கூடாதுன்னு இங்கிலாந்து சட்டமும் அமெரிக்க சட்டமும் சொல்லுது, நம்ம பிள்ளைங்களை காப்பாத்த வந்த நல்ல சட்டம், ஆனா அதையே சாக்கா வெச்சு தள்ளிப் போடறவங்களும் இருக்காங்க. அப்ப "என் பிள்ளைக்கு தமிழ்லயும் இதே சிரமம் இருக்கு"ங்கற ஒரு வரி எவ்வளவு வேலை செய்யும் தெரியுமா, அதுக்குத்தான் மேல குறிச்சு வைக்கச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் வேணும்னா வெக்கப்படாம கேளுங்க, பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீங்க.

அதுக்கு முன்னாடி காது, கண்ணு ரெண்டையும் டெஸ்ட் பண்ணிடுங்க, சாதாரணமா கேக்காம போறதோ கண்ணாடி தேவைப்படறதோ இல்லைன்னு தெரிஞ்சுக்கறதுக்கு மட்டும். கண் பயிற்சி, கலர் கண்ணாடின்னு டிஸ்லெக்சியாவை சரி பண்றேன்னு வர்றவங்க கிட்ட போகாதீங்க, அதுக்கு ஆதாரம் இல்லைன்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து 2009லயே அறிக்கை விட்டுட்டாங்க.

அசெஸ்மெண்ட்ல ஊசி, ஸ்கேன் எதுவும் கிடையாது. ஒருத்தர் பிள்ளையோட உக்காந்து ஒரு நிமிசத்துக்குள்ள எத்தனை வார்த்தை படிக்கறான், பூத வார்த்தை எத்தனை, எழுத்துக்கூட்டல் எப்படி, சத்தத்தை எடுக்கறது மாத்தறது வருதா, எண்ணு கலர் வரிசையை எவ்வளவு வேகமா சொல்றான், சொன்ன நம்பரை திருப்பி சொல்றானான்னு பாப்பாங்க. முன்னாடியெல்லாம் ஐக்யூ உசரமா இருந்து வாசிப்பு கீழ இருந்தாதான் டிஸ்லெக்சியான்னு கணக்கு வெச்சிருந்தாங்க, அமெரிக்க மனநல மருத்துவர்களோட டிஎஸ்எம் கையேட்டோட 2013 பதிப்பு அந்த ஒப்பீட்டை எடுத்துடுச்சு, அதுக்கு பதிலா முறையா உதவி குடுத்தும் குறைஞ்சது 6 மாசமா சிரமம் நீடிக்குதான்னு பாக்கச் சொல்லுது. ஃபார்ம்ல "வீட்ல யாருக்காவது வாசிப்புல சிரமம் உண்டா"ன்னு கேப்பாங்க, நான் யோசிக்காம இல்லைன்னு எழுதிட்டேன். வீட்டுக்கு வந்தப்பதான் சித்தப்பா ஞாபகம் வந்துச்சு, லெட்டர் வந்தா எப்பவும் "கண்ணாடியை மறந்துட்டேன், நீ வாசி"ன்னு நீட்டுவார், ஒரு நாள் கூட அவர் கண்ணாடி போட்டு நான் பாத்ததில்ல. இது குடும்பத்துல ஓடற விஷயம், உண்மையை எழுதுங்க.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம்ம ஆளுங்க எல்லாருமே சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு, பர்சண்டைல். 30-வது பர்சண்டைல்னு பாத்ததும் நூத்துக்கு முப்பது, ஃபெயில்னு நினைச்சு அன்னிக்கு வீட்ல ரகளை. அது மார்க்கே இல்ல. அதே வயசு பிள்ளைங்க நூறு பேரை வரிசையா நிறுத்தினா முப்பது பேர் இவனுக்கு கீழயோ இவனோடவோ இருக்காங்கன்னு அர்த்தம், 50-ன்னா சரியா நடுவுல. ஸ்டாண்டர்ட் ஸ்கோர்னு இன்னொண்ணு இருக்கும், அதுல 100 தான் சராசரி, 85லேர்ந்து 115க்குள்ள மூணுல ரெண்டு பங்கு பிள்ளைங்க இருப்பாங்க. டிஸ்லெக்சியா ரிப்போர்ட்ல நம்பர் மேலயும் கீழயுமா இருக்கும், பேச்சு 110, பூத வார்த்தை 78ன்னு. அந்த மேடு பள்ளத்தைத்தான் பாக்கணும், ஆவரேஜை இல்ல. இன்னொண்ணு, அந்த நம்பரெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ் பேசற பிள்ளைங்களை அளந்து வெச்சது, அதனால வந்து ஒரு வருசம்கூட ஆகாத பிள்ளைன்னா வார்த்தை அர்த்தம் கேக்கற பகுதில கம்மியா வர்றதை பெருசா எடுத்துக்காதீங்க, அதை அசெஸ் பண்றவர் ரிப்போர்ட்லயே எழுதணும், எழுதலைன்னா கேளுங்க.

ரிப்போர்ட்ல டிஸ்லெக்சியான்னு வந்த பிறகு அதுக்கு மருந்து எதுவும் இல்ல, சின்ன குரூப்ல தினமும் முறையான ஃபோனிக்ஸ், நிறைய திரும்பத் திரும்ப, பரீட்சைல கூடுதல் நேரம், பாடத்தை காதால கேக்கற வசதி, இவ்வளவுதான். ஸ்கூல் "உதவி பண்றோம்"னு சொன்னா வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிசம், யாருன்னு கேட்டு எழுதி வாங்குங்க.

யாராவது "வீட்ல தமிழை நிறுத்துங்க, ரெண்டு மொழி குழப்புது"ன்னு சொல்லுவாங்க. எங்களுக்கும் ஒருத்தர் சொன்னார். ரெண்டு மொழி பேசறதால டிஸ்லெக்சியா வராது, நிறுத்தினா போகவும் போகாது, நீங்க படிச்சுக் காட்டற தமிழ் கதைதான் அவனுக்கு வார்த்தையும் விஷயமும் சேர்ற ஒரே சுலபமான வழி, அதையும் அடைச்சுட்டா என்ன மிச்சம்? பிள்ளை கிட்டயும் மறைக்காம பேரை சொல்லிடுங்க. "அப்ப நான் முட்டாள் இல்லையா?"ன்னுதான் என் பையன் முதல்ல கேட்டான், அவ்வளவு நாளா அவன் அப்படி நினைச்சிட்டு இருந்திருக்கான்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியவே இல்ல.

வீடு மாறினா ஸ்கூலும் மாறும், ஃபைல் தன்னால வந்துடும்னு நம்பாதீங்க. ரிப்போர்ட், ஈமெயில், ஸ்கூல் போட்ட ப்ளான் எல்லாத்துக்கும் ஒரு காப்பி வீட்ல வெச்சு, புது ஸ்கூல்ல சேர்ற அன்னிக்கே கையில கொண்டு போயிடுங்க.