ஹேண்ட்மேடா ஹோம்மேடா? ஒண்ணு போல இருக்குற இங்கிலீஷ் வார்த்தைங்கள பிரிச்சுப் பாக்குறது எப்படி

காரைக்குடிப் பக்கம் டூரிஸ்ட்டு வரத்து கூடுனதுல இருந்து வாசலுக்கு வாசல் இங்கிலீஷ் போர்டுதான். தெரிஞ்ச ஆச்சி ஒருத்தவுக முறுக்கு, சீப்புச்சீடை, மணகோலம்னு பாக்கெட் போட்டு விக்கிறாக, லேபிள் எழுதிக் குடுப்பான்னாக, நானும் பெருசா ஹேண்ட்மேட்னு அடிச்சுக் குடுத்துட்டேன். வாங்க வந்த ஒரு அம்மா, "இது அச்சுல புழிஞ்சதாச்சே, கை முறுக்கு இல்லையே"ன்னு கேட்டுட்டாக. ஆச்சி என்னையப் பாத்த பார்வை இருக்கே!

அன்னைக்கு இருந்து நான் பண்றது இதுதான். அர்த்தத்த டிக்ஷனரில தேடாம, அந்த வார்த்தைக்கு எதிர்ப்பதம் என்னன்னு யோசிங்க. ஹேண்ட்மேடுக்கு எதிர்ல நிக்கிறது மெஷின், ஹோம்மேடுக்கு எதிர்ல நிக்கிறது கடைச் சரக்கு. நம்ம பக்கத்து ஆத்தங்குடி ஊர்ல போடுற தரை டைல எடுத்துக்கங்க, கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் சிமென்ட்ட ஊத்தி, அச்ச எடுத்துட்டு மேல மணலும் சிமென்ட்டும் போட்டு, காஞ்சதும் தண்ணில ஊறப் போடுறாங்க, சூளையே கிடையாது, கண்ணாடி பட்ட பக்கம்தான் அந்த வழவழப்பு. அது பட்டறையில ஆளுங்க கையால போடுறது, அதனால ஹேண்ட்மேட். ஆச்சி பின்கட்டுல அடுப்பு வச்சு சுடுறது ஹோம்மேட்.

ஹாட்டும் இப்படித்தான். காப்பிக்கு எதிர்ப்பதம் கோல்ட், குழம்புக்கு மைல்ட். குழம்பு ஹாட்டுன்னா வந்தவுக சூடுன்னு நெனச்சு ஊதி ஊதி சாப்பிட்டுட்டு அப்புறம் கண்ணுல தண்ணியோட நிப்பாக, அதனால உறைப்புக்கு ஸ்பைசின்னே சொல்லிருங்க. ஆனா ஸ்பைஸ்டுன்னா வேற, பட்டை, கல்பாசி, அன்னாசிப்பூன்னு மசாலா சேத்ததுன்னு அர்த்தம், உறைக்கணும்னு கட்டாயம் இல்ல. சுக்கு ஏலக்காய் போட்ட டீ ஸ்பைஸ்டு, அதப் போயி யாரும் ஸ்பைசின்னு சொல்ல மாட்டாங்க.

எதிர்ப்பதம் கை குடுக்கலைன்னா யாரு வாயில அந்த வார்த்தை வருதுன்னு பாருங்க. பழைய சாமான் கடைகள்ல எல்லாத்தையும் ஆன்டிக்னுருவாங்க, ஆனா நம்ம ஆயா காலத்து எனாமல் தூக்குச்சட்டி நூறு வருஷம் தாண்டலைன்னா வின்டேஜ்னு சொல்றதுதான் நாயம். ஆன்டிக்விட்டின்னு மட்டும் வாய் தவறிக்கூட சொல்லிராதீங்க. அது கடைக்காரவுக வார்த்தை இல்ல, சட்டத்து வார்த்தை. 1972-ல வந்த சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத சிலை, ஓவியம் மாதிரி பொருள், 75 வருஷத்துக்குக் குறையாத மதிப்புள்ள ஏட்டுச்சுவடி இதெல்லாம் அதுல வரும், தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெள்ளைக்காரருகிட்ட அந்த வார்த்தையச் சொன்னா பேப்பர் எங்கன்னு கேப்பாரு, வியாபாரம் அதோட முடிஞ்சுது.

பெரிய வீடு வச்சிருக்கவுகளுக்கு ஒண்ணு. ஒழுகுற ஓட்ட மாத்துனா ரிப்பேர். வளவுல, அதான் வீட்டு உள்முற்றத்துல, புது டைல் ஒட்டி, ரூமுக்கு ரூம் ஏசி மாட்டுனா ரெனவேட். உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்ச திரும்ப சுண்ணாம்பாலயே அந்தக் காலத்துப் பக்குவத்துல பூசி, முன்ன இருந்த மாதிரியே கொண்டு வந்தாத்தான் ரெஸ்டோர். நம்ம ஊர்ல சிமென்ட்ட அப்பிட்டு ரெஸ்டோர்டுன்னு போர்டு வைக்கிறாக, எனக்கு அதப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும், சரி விடுங்க.

மேன்ஷன், பேலஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ராஜா இருந்தா பேலஸ், நம்ம அப்பச்சி கட்டுனது மேன்ஷன்.

ஆச்சிக்கு ஹோம்மேட்னு மாத்தி அடிச்சுக் குடுத்தாச்சு. பழைய லேபிள் இருநூறு என் மேஜையிலயே கெடக்கு, ஆத்தங்குடில டைல் போடுற யாருக்காச்சும் வேணும்னா வந்து வாங்கிக்கங்க.