பேய்க்கு முன்கதை எழுதாதீர்கள்: இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பாளையங்கோட்டையில் மூன்று பையன்கள் திரைக்கதையோடு என்னைப் பார்க்க வந்தார்கள். முதல் பாகத்தைக் குறும்படமாக எடுத்திருந்தார்கள். பார்த்தவர்கள் பயந்த தெம்பில் இரண்டாம் பாகத்தை முழுநீளப் படமாக எழுதிவிட்டார்கள். ஒரு பெண்ணுக்குள் ஏதோ புகுந்துகொள்கிறது, வீட்டார் தவிக்கிறார்கள். நன்றாகத்தான் போனது. இடைவேளை தாண்டி இரண்டாவது காட்சியில் ‘முப்பது வருடத்துக்கு முன்னால்’ என்று இருந்தது. அதற்குமேல் படிக்காமலே அடுத்த பதினைந்து பக்கத்தையும் என்னால் சொல்ல முடிந்தது. அதே பக்கங்களை ஒருகாலத்தில் நானும் எழுதினேன். எழுதினதோடு நிற்கவில்லை, படமாக எடுத்து நான்கு லட்சம் ரூபாயைத் தொலைத்தேன்.

வெளிச்சம் போதாதது, மைக்கில் காற்று அடிப்பது, நிமிடத்துக்கு ஒருமுறை ‘டமார்’ என்று சத்தம் வைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. முதல் முறை போட்டுப் பார்க்கும்போதே அவை தெரிந்துவிடும். நான் சொல்ல வந்தவை, படம் முடிந்து கடன் கழுத்துக்கு வந்த பிறகு தெரிகிறவை.

பேய்க்கு முன்கதை

எங்கள் முதல் பாகத்தில் அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது எது என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்குநேரிக்குக் கிழக்கே பூட்டிக்கிடந்த ஒரு வீடு, ஐந்து நடிகர்கள், ஒரு கேமரா. அவ்வளவில் எடுத்த படம். ஊர் ஊராகக் கல்யாண மண்டபத்தில் திரை கட்டிக் காட்டினோம். படம் முடிந்ததும், “அது யாருய்யா? எதுக்கு அந்தப் பிள்ளையப் புடிச்சுது?” என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கேட்கிறார்களே, பதில் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். அந்தக் கேள்வியோடு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்ததுதான் பயம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் பாகத்தில் பதில் சொன்னேன். பண்ணை வீட்டில் வேலைபார்த்த ஒரு பெண்ணைக் கெடுத்துக் கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள், அவள்தான் வந்திருக்கிறாள் என்று கதை. வில்வண்டி, பழைய காரைவீடு, பம்புசெட் வைத்துத் தண்ணீர் இறைத்த கிணறு என்று ஒன்பது நாள் எடுத்தோம். மொத்தச் செலவில் பாதி அந்தப் பதினோரு நிமிடத்துக்கே போனது.

திரையிட்ட அன்று முன்வரிசையில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். பெண் கிணற்றில் விழுந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விளக்கு எரிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “ஏ ஐயா, அந்தப் பிள்ளைக்கு ஒரு பீடம் போட்டு, வருசத்துக்கு ஒரு கொடை குடுத்திருந்தா அது ஏன் இப்பிடி அலையப் போவுது?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் “அதானே” என்றார்கள். அன்று மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் பயம் இல்லை. எல்லோருக்கும் இரக்கம்.

ஆச்சி சொன்னதில் எங்கள் சீமையே இருக்கிறது. இங்கே அநியாயமாகச் செத்தவர்கள் தெய்வமாகிவிடுவார்கள். வில்லுப்பாட்டில் கயிலாயத்தில் பிறந்த தெய்வங்கள் ஒரு வகை, வெட்டுப்பட்டுச் செத்துத் தெய்வமான வாதைகள் இன்னொரு வகை. முத்துப்பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாமனாரின் மாட்டைத் திருடியவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன். இன்று காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் அவன் பட்டவராயர். ஆடி அமாவாசைக்குப் போனால் அவனுக்குச் சனங்கள் செருப்பு காணிக்கை போடுவதைப் பார்க்கலாம். கொடையில், அதாவது அந்தச் சாமிக்கு எடுக்கிற திருவிழாவில், வில்லுக்காரர் கதையைப் பாட, சாவு நெருங்க நெருங்கச் சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வரும். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த சனத்திடம் போய், கொலையுண்ட பெண்ணின் கதையைச் சொல்லிவிட்டு ‘இப்போது பயப்படுங்கள்’ என்றால் எப்படிப் பயப்படுவார்கள்? கையெடுத்துத்தான் கும்பிடுவார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 1973இல் வில்லியம் ஃபிரீட்கின் எடுத்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் அந்தச் சிறுமிக்கும் சாத்தானுக்கும் எந்தப் பழிக்கணக்கும் கிடையாது. ஈராக்கில் தோண்டுகிற இடத்தில் ஒரு சிலையைக் காட்டுவார்கள், பிறகு வாஷிங்டனில் ஒரு வீட்டு மாடியறை. 1977இல் ஜான் பூர்மன் இயக்கிய இரண்டாம் பாகம் விளக்கம் சொல்லப் புறப்பட்டது. ஆப்பிரிக்கா போனார்கள், வெட்டுக்கிளிக் கூட்டத்தைக் காட்டினார்கள், குணப்படுத்தும் வரம் உள்ளவர்களைத்தான் அது தேடி வருகிறது என்று காரணமும் சொன்னார்கள். தியேட்டரில் சிரித்தார்கள். வெளியான பிறகு இயக்குநர் படத்தைத் திரும்ப வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று.

அப்படியானால் இரண்டாம் பாகத்தில் புதிதாக என்னதான் சொல்வது என்று பையன்கள் கேட்டார்கள். அது யார் என்பதை விட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்பதைப் பெருக்குங்கள். அவர்களுடைய குறும்படத்திலேயே ஒரு நல்ல விஷயம் இருந்தது: அந்தப் பெண் சோற்றில் உப்பு வேண்டாம் என்பாள். இரண்டாம் பாகத்தில் அதே தெருவில் மூன்று வீடுகளில் உப்பில்லாமல் சமைக்கிறார்கள். கேட்டால், “எப்பமும் இப்பிடித்தானே” என்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்கு முதுகு சில்லிடுகிறது. வில்வண்டிக்குக் கொடுக்கிற வாடகையும் மிச்சம்.

சாமியாட்டத்தைப் பேயாட்டமாகக் காட்டுவது

சாமி வருவதற்கு நாள் குறித்திருக்கும், கொடைக்குக் கால் நடுகிற கால்நாட்டு நடந்திருக்கும். யாருக்கு வரும் என்று ஊருக்குத் தெரியும். மகுடம் என்ற தோல்கருவியும் மேளமும் அழைத்து வருவது அது. வந்தால் திருநீறு போடும், குறி சொல்லும். பேய் பிடிப்பதில் இந்த அழைப்பு எதுவும் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல், சுடலைமாடனுக்குக் கச்சை கட்டி ஆடுகிறவரின் அசைவை அப்படியே பேய்பிடித்த பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து, பின்னணியில், கொடையில் ஆடுகிற கணியான் கூத்தின் மகுடத்தையும் அடிக்கிறார்கள். ஊர்க்காரனுக்கு மகுடம் கேட்டால் சாமக்கொடைதான் நினைவுக்கு வரும். பயம் வராது, மனசுதான் புண்படும். உங்கள் பேய் வரும்போது தாளமே இருக்கக் கூடாது.

இருட்டை மட்டும் நம்புவது

உச்சிப்பொழுதில் தனியாகத் தோட்டத்துக்குப் போகாதே என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? சித்திரை வெயிலில், மதியம் பன்னிரண்டரைக்குத் தேரிக்காட்டில் நின்று பாருங்கள். செம்மண், ஆளில்லாத பனைகள், காவோலை மரத்தில் உரசுகிற சத்தம். இரண்டாம் பாகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

சங்கிலி

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் (நம் வள்ளியூர்ப் பக்கத்து ஏர்வாடி இல்லை) சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிச் செத்தார்கள். பேய்பிடித்தவர் காலில் அழகுக்காகச் சங்கிலி மாட்டாதீர்கள். உவரி அந்தோணியார் கோயிலிலும் ஆத்தங்கரைப் பள்ளிவாசலிலும் தலைவிரித்துக் கிடப்பவர்களை ஒளிந்திருந்து படம் பிடிக்கவும் கூடாது. அவர்கள் நோயாளிகள், கூடவே ஒரு அம்மாவோ அக்காவோ உட்கார்ந்திருப்பாள்.

குரல்

கம்ப்யூட்டரில் இழுத்துத் தடிமனாக்காதீர்கள். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் அந்தச் சிறுமிக்குள்ளிருந்து பேசியது மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையின் சொந்தத் தொண்டை.

அதே வீடு

வேண்டாம்.

கடைசியில் பேயோட்டுவது

‘தி எக்ஸார்சிஸ்ட்’ மூலநாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே 1990இல் மூன்றாம் பாகத்தை இயக்கினார். இரண்டாம் பாகம் நடக்கவே இல்லை என்பதுபோல் ஒதுக்கிவிட்டார். ஆஸ்பத்திரி நடைவழியில் கேமராவை அசைக்காமல் நிறுத்தி, ஒரு நர்ஸ் போவதையும் வருவதையும் நீளமாகக் காட்டிய காட்சியை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பேயோட்டும் காட்சி இல்லாமல் எப்படி என்று தயாரிப்பாளர்கள் வற்புறுத்தி, பிறகு எடுத்துச் சேர்க்கவைத்தார்கள். சேர்த்த இடம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

முதல் பாகத்தில் ஓட்டியதை இரண்டாம் பாகத்திலும் அதே வேப்பிலை, அதே எலுமிச்சம்பழத்தோடு ஓட்டினால் பார்ப்பவன் செல்போனை எடுத்துவிடுவான். அதற்குப் பதிலாக, பூசாரி வருகிறார், வாசலில் நின்று அந்தப் பெண்ணைப் பார்க்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போகிறார். இந்த ஒரு காட்சியை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வருகிறோம் அண்ணாச்சி என்றார்கள்.